ரெஸ்ட் ஹவுஸ் வாசலில் நின்ற வெள்ளைக் கோட்டு

பேய், பிசாசு என்று யாராவது என் எதிரில் பேச்சை ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் கதை கேட்க வந்தவர் மாதிரி இல்லை, சாட்சி விசாரிக்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள். விசாரியுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. இருட்டு, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசனை, இதெல்லாம் என்னிடம் கிடையாது. நடந்தது பட்டப்பகலில், மத்தியானச் சாப்பாட்டு நேரம் கொஞ்சம் தாண்டி. நான் குடித்திருக்கவில்லை, காய்ச்சலும் இல்லை.

பிறக்கும்போதே நான் இப்படி இல்லை. கல்யாணமான புதிதில் எல்லாச் சாமியையும் கும்பிட்டவன்தான். எங்கள் முதல் குழந்தை இறந்தே பிறந்தது. இரண்டாவது தாய்ப்பால் குடித்து, கண் பார்த்துச் சிரிக்கப் பழகி, பிறகு போயிற்று. அதற்கு நாங்கள் கட்டாத கயிறு இல்லை, வெட்டாத கிடா இல்லை. அதைப் புதைத்துவிட்டு வந்த அன்று கையில் கிடந்த மந்திரக் கயிற்றை அறுத்துச் சாக்கடையில் போட்டேன். அன்றோடு சரி. யாராவது விபூதியை நீட்டினால்கூட எனக்குக் கோபம் வரும். என் மனைவி பாக்கியம் என்னை ஒன்றும் சொல்லமாட்டாள், அவள் பங்குக்கும் எனக்கும் சேர்த்து அவளே கும்பிட்டுக்கொள்வாள்.

ரப்பர் விலை அடியோடு விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பினார்களே, அந்தக் கஷ்டகாலம் ஒருவழியாக ஓய்ந்து நாடு மறுபடி மூச்சுவிட ஆரம்பித்த சமயம். நான் ஒரு சீனக் கண்டிராக்டரிடம் மேஸ்திரியாக இருந்தேன். ஜொகூரில், குளுவாங்கிலிருந்து காஹாங் போகும் ரோட்டில், காஹாங்குக்கு இந்தப் பக்கமாக ஒரு பழைய ரெஸ்ட் ஹவுஸ் பூட்டிக் கிடந்தது. அதைப் பழையபடி ஆக்கித் தரவேண்டும் என்று அவருக்கு வேலை கிடைத்தது. தவுக்கே, அதாவது முதலாளி, என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். எனக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிற வேலை என்றார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். சுவரில் பெரணிச்செடி முளைத்து, கூரையில் வௌவால் குடியேறி, வராந்தாவில் ஆடுமாடு படுத்துச் சாணி போட்டு, ஒரு கட்டடத்துக்கு என்னென்ன அவமானம் உண்டோ அத்தனையும் அதற்கு நடந்திருந்தது.

ஆனால் ஒரு காலத்தில் நன்றாக வாழ்ந்த வீடு அது. ரோடு செம்மண் பாதையாக இருந்தபோது கட்டியது. அளவை எடுக்கிற துரைமார், தோட்டத்துத் துரைமார், மாட்டுவண்டியிலும் குதிரையிலும் வந்து தங்குவார்களாம். புலி நடமாட்டம் இருந்ததால் பொழுது சாய்வதற்குள் அங்கே வந்து சேர்ந்துவிட வேண்டும். அப்படி ஒரு பயத்தோடு வருகிறவனுக்கு அந்த வீட்டு விளக்கைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தூண்கள் எல்லாம் செங்கால் மரம், ஆணி இறங்காது. சுண்ணாம்புச் சுவர், சீன ஓடு, சுற்றிலும் வராந்தா. சமையற்கட்டு பெரிய வீட்டோடு ஒட்டாமல் பின்னால் தனியாக, நடுவில் மழை நனையாமல் போக ஒரு கூரைபோட்ட நடை. பிறகு மோட்டார் வந்தது. மோட்டாரில் வருகிறவன் எதற்கு நடுவழியில் தங்குகிறான், நேரே ரோட்டுக் கடைசியில் இருக்கும் மெர்சிங் போய்ச் சேர்ந்துவிடுகிறான். ஆள் வரத்து குறைந்து, அப்புறம் விலை விழுந்த காலத்தில் ஒரேயடியாகப் பூட்டிவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குச் சொன்னது எதிர்ச்சாரியில் பலகாரக்கடை வைத்திருந்த பாக் மாட் என்கிற மலாய்க்காரக் கிழவர். பட்லரைப் பற்றிச் சொன்னதும் அவர்தான்.

அந்த ரெஸ்ட் ஹவுஸை ஆரம்பத்திலிருந்து நடத்தியவர் ஒரு தமிழ் பட்லர். நாகப்பட்டினத்துப் பக்கம். வண்டிச் சத்தம் கேட்டால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றுவிடுவாராம். விருந்தாளி கையில் பெட்டி இருக்கவிடமாட்டார். பெயர் கேட்கமாட்டார், ஊர் கேட்கமாட்டார், சாப்பாடு எத்தனை பேருக்கு என்று ஒன்றுதான் கேட்பார். அறையைத் தானே ஒருமுறை சுற்றிப் பார்க்காமல் துரையே வந்தாலும் உள்ளே விடமாட்டார், வராந்தாவில் காக்க வைத்துவிடுவார். வீட்டைப் பூட்டிய பிறகும் அந்த மனுஷன் போகவில்லை. பின்கட்டிலேயே இருந்துகொண்டு, மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் கோட்டைப் போட்டுக்கொண்டு கேட்டில் நிற்பார், மோட்டார் நிற்காமல் போகும். கடைசியில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, நான் வருகிறவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிப் போனாராம். திரும்பி வரவில்லை.

நான் கேட்டுவிட்டு, பாவம், நல்ல வேலைக்காரன் என்று சொன்னேன். அவ்வளவுதான்.

வேலை ஆரம்பித்தோம். பழைய ஓட்டை இறக்கி, உடைந்ததைக் கழித்து, நல்லதைக் கழுவி ஏற்றினோம். கரையான் தின்ற பலகையைப் பெயர்த்தோம். முன்பக்கத்து இடது அறை மட்டும் ஆச்சரியமாக அப்படியே இருந்தது. உத்தரத்தைச் சுத்தியலால் தட்டினேன், கணீரென்று கல் மாதிரி கேட்டது. அந்த அறையை முதலில் முடித்து, வெள்ளையடித்து, ஒரு கட்டிலும் போட்டுவைத்தேன். அதற்குக் காரணம் இருந்தது.

பாக்கியம் மறுபடி உண்டாகியிருந்தாள். ஐந்தாவது மாதம். சிகாமட்டில் அவள் அக்காள் வீட்டில் இருந்தாள், அந்தப் பக்கம் மலேரியாக் காய்ச்சல் பரவ ஆரம்பித்திருந்தது. குளுவாங்கில் ஆஸ்பத்திரி இருக்கிறது, என் பக்கத்தில் இருக்கட்டும் என்று வரச் சொல்லியிருந்தேன். உண்டான விஷயத்தை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அவள் உத்தரவு. என் ஆட்களுக்குக்கூடத் தெரியாது. வெளியே நான் கல் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தேனே தவிர, உள்ளுக்குள் தினமும் செத்துப் பிழைத்தேன். இந்தப் பிள்ளையும் போனால் பாக்கியம் எழுந்திருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கும்பிடவும் சாமி இல்லை, நானே துரத்திவிட்டேனே.

இந்தச் சமயத்தில்தான் வெள்ளையடிக்கிற சடையன் திருஷ்டி பொம்மை வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கட்டடத்தைப் பார்த்துக் கண் வைக்கிறான், பொம்மை இல்லாமல் ஏணி ஏறமாட்டேன் என்றான். வைத்துத் தொலை என்றேன். வைக்கோலுக்கு அங்கே எங்கே போவது, லாலான் புல்லை அறுத்துக் கட்டி உடம்பு செய்தான். சட்டியைக் கவிழ்த்துத் தலை. சுண்ணாம்பால் கண், பல், கன்னத்தில் புள்ளி, கரியைக் குழைத்து முறுக்கு மீசை. பொம்மைக்குச் சட்டை வேண்டுமே, எங்களிடம் இருந்ததே ஆளுக்கு ஒன்றிரண்டு. சொந்தக்காரன் இல்லாத துணிதான் பொம்மைக்கு நல்லது என்று சொல்லிக் கதவுக்குப் பின்னால் தொங்கிய வெள்ளைக் கோட்டை எடுத்துவிட்டான். பூஞ்சணம் பிடித்துப் பழுப்பாகியிருந்தது, முதுகில் கீழே இஸ்திரிப்பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பு. பாக் மாட் ரோட்டைத் தாண்டி வந்து, “ஜாங்கான் லா மேஸ்திரி, வேண்டாம், அந்த பாஜு, அந்தக் கோட்டு வேண்டாம்” என்று சொல்லிப் பார்த்தார். நான் சிரித்தேன். காலமெல்லாம் கேட்டில் நின்ற கோட்டுதானே, இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும் என்றேன்.

பொம்மையைக் கேட்டுக்குப் பக்கத்தில் கம்பத்தில் ஏற்றும்போது நான்தான் சட்டியைத் தாங்கிப் பிடித்தேன். அப்போது என் கட்டைவிரல் பட்டு இடதுபக்க மீசை அழிந்து கன்னம்வரை கரி இழுத்துக்கொண்டது. சடையன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டான். இவன் என்ன மாப்பிள்ளையா, யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லி அப்படியே ஏற்றவைத்தேன். காற்றில் பறக்காதபடி இடுப்பிலும் இரண்டு மணிக்கட்டிலும் கோட்டுக்கு மேல் கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டினோம். இந்தக் கம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. பாக் மாட் கடையை மூடிவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்தார். மணல் ஏற்றிவந்த லாரி ஆற்றுப் பக்கத்துச் சேற்றில் மாட்டிக்கொண்டது என்று ஆள் வந்து சொன்னான். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன், சடையன் உட்பட. வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. போகும்போது கேட்டில் பொம்மை நின்றது, நான் என் கண்ணால் பார்த்தேன், கோட்டோடு.

நாங்கள் லாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஜொகூர் மழை உங்களுக்குத் தெரியும், எதிரில் நிற்கிறவன் முகம் தெரியாது. ஒருவழியாக லாரியைக் கிளப்பி, மழை விட்டும் விடாமலும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வளைவுக்கு இந்தப் பக்கம் இருக்கும்போதே ஒரு சத்தம். தரையே அதிர்ந்தது. ஓடிவந்து பார்த்தால், முன்பக்கத்து இடது அறைக் கூரை முழுவதும் உள்ளே இறங்கிக் கிடக்கிறது. உத்தரம் நடுவில் முறிந்து ஓடும் சுவருமாகக் கட்டிலின் மேல் கிடக்கிறது. வெளியே கல்லாக இருந்த மரம் உள்ளே மாவாகப் போயிருந்திருக்கிறது.

ஐயோ, என் வேலை போச்சே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் வராந்தாப் படியைப் பார்த்தேன்.

படியில் ஒரு ஜோடி செருப்பு. சிவப்பு வார் வைத்தது. நான் சிகாமட் சந்தையில் வாங்கிக் கொடுத்தது.

பாக்கியம் அடுத்த வாரம் அவள் அத்தானோடு வருவதாக ஏற்பாடு. இன்று ஏன் வந்தாள், எப்படி வந்தாள் என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை. அவளிடம் முன்பக்கத்து இடது அறையில் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன் என்று நானே சொல்லி அனுப்பியிருந்தேன். அந்தக் கட்டில் இப்போது கண்ணுக்கே தெரியவில்லை. நான் அந்தக் குவியலில் பாய்ந்தேன். ஓட்டை எடுத்து எடுத்து வீசுகிறேன், கை கிழிந்து ரத்தம் வருகிறது, எனக்குத் தெரியவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் என் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை என்று சடையன் பிறகு சொன்னான். நான் வாயைத் திறந்து திறந்து மூடினேனாம். நம்புங்கள், நம்பாமல் போங்கள், அந்த நேரத்தில் நான் துரத்திவிட்ட அத்தனை சாமியையும் காலைப் பிடித்துக் கூப்பிட்டேன்.

அப்போது பின்னாலிருந்து பாக்கியத்தின் குரல்.

“என்னங்க, இது என்ன சத்தம்? நான் பயந்தே போயிட்டேன்.”

திரும்பினேன். சமையற்கட்டுக்குப் போகும் நடையில் அவள் நிற்கிறாள். சேலை நனைந்திருக்கிறது, தலைமுடியில் தண்ணீர் சொட்டுகிறது. தோளைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோட்டு.

ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். உயிரோடு இருக்கிறாளா என்று முகத்தைத் தடவிப் பார்த்தேன். அடிபட்டதா, வயிற்றில் வலி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை இல்லை என்று தலையாட்டினாள். என் கை அவள் முதுகில் இருந்த கோட்டின் மேல் பட்டது. துணி காய்ந்திருந்தது. அவ்வளவு மழையிலும் மொடமொடவென்று, கஞ்சி போட்ட துணி மாதிரி காய்ந்திருந்தது. கீழே பார்த்தேன். முக்கோணத் தழும்பு.

“உங்க பட்லர் எங்கங்க?” என்றாள். “டீ போட்டுக்கிட்டு வரேன்னு போனாரு, ஆளையே காணோம்.”

என் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் பேசாமல் இருங்கள் என்று கண்ணைக் காட்டினேன். அவளே சொன்னாள். அக்காள் வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாம், பயந்துபோய்த் தோட்டத்து ஆபீசில் எழுதுகிற தெரிந்த கிராணி குடும்பத்தோடு ரயிலில் குளுவாங் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கியிருக்கிறாள். இறங்கினதும் மழை. கேட்டில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றாராம்.

“வாங்கம்மான்னு சொல்லிப் பெட்டியைக் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டாரு. நான் படியில செருப்பைக் கழட்டிட்டு அந்த ரூம்புக்குத்தான் போகப் பார்த்தேன். கதவுக்கு முன்னாடி வந்து நின்னுட்டாரு. ரூம் இன்னும் பார்க்கலம்மா, பின்னாடி வந்து உட்காருங்கன்னாரு. நனைஞ்சிருக்கேன்னு கோட்டைக் கழட்டிக் குடுத்தாரு.”

வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் என் காதோடு சொன்னாள். “சாப்பாடு எத்தனை பேருக்குன்னு கேட்டாரு. எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும், ரெண்டு பேருக்குன்னேன். இல்லம்மா, மூணுன்னாரு. நீங்க சொல்லிட்டீங்களாங்க?”

நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல அங்கே யாரும் இல்லை. அவளைச் சமையற்கட்டில் உட்கார வைத்தேன். அவள் பெட்டி அங்கே கயிற்றுக்கட்டிலுக்குப் பக்கத்தில், சுவரோரமாக, நேராக இருந்தது. அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது.

சடையனைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். கம்பம் நின்றது. லாலான் புல் உடம்பு அப்படியே நின்றது. இடுப்பிலும் மணிக்கட்டிலும் நாங்கள் முறுக்கிய கம்பி முறுக்கு அவிழாமல் புல்லை இறுக்கிக்கொண்டு நின்றது. கோட்டு மட்டும் இல்லை. கோட்டை எடுக்க வேண்டுமானால் கம்பியை அவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் துணியைக் கிழிக்க வேண்டும். நான் மேஸ்திரி ஐயா, கம்பி கட்டுவது என் பிழைப்பு, அதில் என்னை ஏமாற்ற முடியாது. சட்டி கீழே விழுந்து உடைந்து, சுண்ணாம்பும் கரியும் மழையில் கரைந்து ஓடியிருந்தது. வெறும் ஓட்டுத் துண்டுதான்.

சடையன் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். நான் அவனை உலுக்கி எழுப்பி, கம்பத்தையும் புல்லையும் பிடுங்கி ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்க் கொளுத்தச் சொன்னேன். இப்படி ஒரு பொம்மை இருந்தது என்று பாக்கியம் காதில் விழுந்தால் நடப்பது வேறு என்று எல்லோரையும் மிரட்டினேன். மாசமாக இருக்கிறவளைப் பயமுறுத்துவதா? பட்லர் அவசரமாக ஊருக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். சொல்லாமல் போய்விட்டாரே என்று வருத்தப்பட்டாள்.

அப்புறம் அந்த அறைக்குப் புது உத்தரம் போட்டோம், வேலையை முடித்தோம், திறப்பு விழாவுக்குத் துரைமார் வந்து கைகுலுக்கினார்கள். எனக்கு நல்ல பெயர்தான். நான் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. பெண் குழந்தை பிறந்தது, குளுவாங் ஆஸ்பத்திரியில், நல்லபடியாக. பெயர் வைக்கும்போது பட்லருக்கு ஒரு வேஷ்டி அனுப்ப வேண்டும், விலாசம் வாங்குங்கள் என்று பாக்கியம் என்னை நச்சரித்தாள். தேடுகிறேன் தேடுகிறேன் என்றே காலம் கடத்தினேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். யாரோ வழிப்போக்கன், ஏதோ கைவேலை, பெண்பிள்ளை பார்த்தது என்கிறீர்கள். நானும் அப்படித்தான் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். காது கொடுத்துக் கேளுங்கள், மிச்சம் இருக்கிறது.

என் மகள் பள்ளிக்கூடம் போகிற வயது. ஒரு பொங்கலுக்கு முதல்நாள், அடுப்புக் கரியை எடுத்து எனக்கு மீசை வரைகிறேன் என்று மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வரைந்துவிட்டு, சரியில்லை என்று விரலால் இடதுபக்கத்தை அழித்தாள். கரி கன்னம்வரை இழுத்துக்கொண்டது. சுண்ணாம்புக் கையோடு வாசலில் கோலத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்த பாக்கியம் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அந்த ரெஸ்ட் ஹவுஸ் பட்லரு மாதிரியே இருக்கீங்க. அவருக்கும் இந்தப் பக்கத்து மீசைதான், இப்படியே கன்னத்துல இழுத்துக்கிட்டு. பாவம், மை பூசியிருப்பாரு, மழையில கரைஞ்சிடுச்சுன்னு நினைச்சேன். மூஞ்சியெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி வேற. வேலை பார்த்துக்கிட்டே வந்தாரு போல.”

அது நாங்கள் கம்பத்தில் ஏற்றிய பொம்மையின் முகம். அப்படி ஒரு பொம்மை இருந்தது என்றே நான் அவளிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அந்த மீசையை அழித்தது என் விரல்.

நான் கன்னத்துக் கரியைத் துண்டால் துடைத்தேன். கோட்டை இன்னும் பாக்கியம் வைத்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை துவைத்துக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டுவாள். ஊரிலிருந்து வந்தால் கேட்பார், அழுக்காகக் கொடுக்கக் கூடாது என்பாள். எங்கள் வீட்டு வாசலில் ஏதாவது மோட்டார் வந்து நின்றால் நான் முதலில் வாசலைப் பார்ப்பதில்லை. கோட்டு கொக்கியில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.